குளவியைக் கேட்டா விதை கொடுக்கிறார்கள்?

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை வீதியில் புறப்பட்டு, கோப்பாயைக் கடந்தால் நீர்வேலி வந்துவிடும். வாழைத் தோட்டங்களுக்குப் பெயர்போன செம்மண் பூமி. கத்தரி, மிளகாய், கோவா, பீற்றூட், வெங்காயம் என்று மரக்கறியும் விளைகிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் எங்கும் இல்லை. தோட்டத்துக்கும் கிணறு, குடிப்பதற்கும் கிணறு. செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது எதுவாயினும் ஒருநாள் கீழே இறங்கும். ஆகவே, இங்கு ஒரு கத்தரிப் பாத்திக்கு எத்தனை முறை மருந்தடிக்கிறோம் என்பது தோட்டக்காரரின் தனிப்பட்ட விடயம் அன்று. அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளும் ஒவ்வொரு குடும்பத்தின் விடயம்.

அந்தக் கணக்கு, நாம் எந்த விதையை ஊன்றுகிறோம் என்பதிலேயே தொடங்குகிறது என்பதுதான் இப்பதிவின் வாதம்.

கத்தரியின் முதற் பகை, தண்டையும் காயையும் துளைக்கும் புழு. முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்திலேயே அது குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். அதன் பிறகு மேலே அடிக்கும் மருந்து அதன் மேனியைத் தொடுவதே அரிது. ஆனால் அந்தப் புழுவைத் தேடி வருகிற ஒரு சிறு குளவி உண்டு. திரத்தாலா என்பது அதன் பேரினப் பெயர். இலங்கையில் இயல்பாகவே வாழ்வது, இங்குள்ள ஆய்வாளர்களால் ஆராயப்பட்டது. மறைந்திருக்கும் புழுவின் உடலில் அது முட்டையிடும். குளவிக் குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்று முடிக்கும். மருந்தடிக்கும்போது நடப்பது என்ன? புழு உள்ளே பாதுகாப்பாக இருக்கிறது. குளவி வெளியே செத்து விழுகிறது. காசு கொடுத்து நமது காவற்காரனை நாமே கொல்கிறோம்.

குளவியால் என்ன ஆகும் என்று ஏளனம் செய்வோர் இலங்கையின் வரலாற்றைப் படிக்க வேண்டும். மலையகத் தேயிலையைச் சுருட்டிய புழுவை அடக்க 1935-36 காலத்தில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற குளவி கொண்டுவரப்பட்டது. புழு அடங்கியது. பின்னர் வேறொரு பூச்சிக்காக டீல்ட்ரின் தெளிக்கத் தொடங்கியதும் குளவி குறைந்து, அடங்கிய புழு மீண்டும் தலையெடுத்தது. 2008இல் பப்பாசியை வெள்ளையாய் மூடிய மாவுப்பூச்சி வந்தது. 2009இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்டார்கள். அவற்றுள் ஒன்றான அசெரோபேகஸ் அந்த மாவுப்பூச்சியின் கொட்டத்தை அடக்கியது. அடுத்த ஆண்டு தமிழகத்திலும் அதே குளவி அதே வேலையைச் செய்தது.

இவையெல்லாம் வேளாண்மை படித்தோர் அறிந்த கதைகள். அதிகம் பேசப்படாதது இன்னொன்று: குளவி வேலை செய்யும் களம் செடி. களம் கோணலானால் எந்த வீரனும் தோற்பான்.

ஐதராபாத்துக்கு அருகே பட்டான்சேருவில் உள்ள இக்ரிசாட் நிலையத்தில் இதனை ஆராய்ந்தார்கள். காய்ப்புழுவின் முட்டையை அழிக்கும் டிரைக்கோகிரமா குளவி, இறுங்குப் பயிரில் நன்றாக வேலை செய்கிறது. கடலைச் செடியிலோ (தமிழகத்தார் சொல்லும் கொண்டைக்கடலை) ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை. காரணம், கடலைச் செடியின் நுண்மயிர்கள் கசியும் அமிலம். அதே புழு, அதே குளவி. செடி மாறியதும் முடிவு மாறிவிட்டது.

ஒரே பயிரின் இனங்களுக்குள்ளேயும் இந்த வேறுபாடு உண்டு. ஒல்லாந்தில் கண்ணாடிக் கூடங்களில் வளர்க்கும் வெள்ளரியில் வெள்ளை ஈயை ஒழிக்க என்கார்சியா என்ற குளவியை விட்டார்கள். தக்காளியில் வெற்றி தந்த குளவி, மயிரடர்ந்த வெள்ளரி இலையில் தடுமாறியது. வெள்ளை ஈயின் பிசுபிசுத்த கழிவு மயிர்களில் ஒட்டியிருக்க, குளவி அதில் சிக்கித் தன்னைத் துடைப்பதிலேயே பொழுதைக் கழித்தது. அங்குள்ளோர் குளவியைக் குறை கூறவில்லை. மயிர் குறைந்த வெள்ளரியை ஒட்டுச்சேர்த்து உருவாக்கிச் சோதித்தார்கள். குளவியின் நடை வேகம் கூடியது.

ஒலிவ மரத்தின் கதை இன்னும் கூர்மையானது. மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்த ஒலிவங்காய் காட்டுக் காயைவிடப் பருத்தது. சதை தடித்ததால் உள்ளேயுள்ள ஈப்புழுவைச் சில குளவிகளின் முட்டையிடும் குழல் எட்டவில்லை. பெரிய காய் நமக்கு மட்டுமன்றிப் புழுவுக்கும் இலாபம்! சோளத்தில் (மக்காச்சோளம்) இழந்தது வாசனையை. வேர்ப்புழு கடித்ததும் ஐரோப்பியச் சோள இனங்கள் ஒரு மணத்தை விட்டு, அப்புழுவைக் கொல்லும் நுண்ணிய வட்டப்புழுக்களை அழைக்கின்றன. வட அமெரிக்க இனங்கள் பல அந்த மணத்தையே இழந்துவிட்டன என்று 2005இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. விளைச்சலைக் கூட்டியவர்களுக்குச் செடியின் குரல் போனது தெரியவில்லை.

இப்போது நமது தோட்டத்துக்கு வருவோம். 'திருநெல்வேலி ஊதா' என்று நமது மண்ணின் பெயரைத் தாங்கிய கத்தரி இனம் இருக்கிறது. 'அஞ்சலி', 'அமந்தா' போன்ற கலப்பினங்களும் இருக்கின்றன. ஓர் இனத்தைச் சிபாரிசு செய்யும்போது என்ன கேட்கிறார்கள்? எத்தனை தொன் காய்க்கும், எத்தனை நாளில் காய்க்கும், என்ன நிறம், வாடல் நோயைத் தாங்குமா? எல்லாம் தேவையான கேள்விகள்தாம். இந்த இனத்தில் குளவி வாழுமா என்ற கேள்வி எந்த விதைப் பொதியின் முதுகில் இருக்கிறது? விதையும் மருந்தும் ஒரே கடையில் விற்கும் நாட்டில், மருந்தைக் குறைக்கும் விதையை யார் தேடுவார்?

2021 மே மாதத்தில் இரசாயன உரத்தையும் பீடைநாசினியையும் இறக்குமதி செய்வதை அரசு ஒரே அடியாகத் தடுத்தது. நவம்பரில் பின்வாங்கியது. தடுத்தவர்கள் தோட்டக்காரரின் கையிலிருந்த தெளிகருவியைப் பறித்தார்களே ஒழிய, அந்தக் கையில் வேறெதையும் வைக்கவில்லை. மாற்று வழி வர்த்தமானி அறிவித்தலால் வராது. விதையிலிருந்து, ஆண்டாண்டாய் வர வேண்டும்.

'துளை விழுந்த கத்தரிக்காயைச் சந்தையில் எவன் வாங்குவான்?' என்று தோட்டக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. நான் அவரைத் துளைக் காயைச் சுமக்கச் சொல்லவில்லை. இன்று அவர் மருந்துக்கும் செலவழித்துத் துளைக் காயையும் கழிக்கிறார் என்பதையே சொல்கிறேன். 'மயிரடர்ந்த செடி பூச்சியையும் விரட்டுமே' என்று அறிஞர் சொல்வார். விரட்டலாம். அதனால்தான் பூச்சி எவ்வளவு குறைந்தது, குளவி எவ்வளவு குறைந்தது என்று இரண்டையும் சேர்த்து எண்ணச் சொல்கிறேன். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அது கணக்கா?

எண்ணுவதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒவ்வோர் இனத்திலிருந்தும் புழு விழுந்து வாடிய குருத்துகளைக் கிள்ளித் தனித்தனிப் போத்தல்களில் இட்டு, வாயை நுளம்பு வலையால் கட்டி, வெளிவருவது அந்துப்பூச்சியா குளவியா என்று பார்த்தால் போதும். திருநெல்வேலியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிளிநொச்சியில் யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. நீர்வேலியில் தோட்டமும் தோட்டக்காரரும் இருக்கிறார்கள். மருந்தடிக்காத இரண்டு பரப்பில் நான்கு இனங்களை நட்டு மூன்று போகம் எண்ணட்டும். வந்த எண்களைச் சிபாரிசுப் பட்டியலில் ஒரு நிரலாகச் சேர்க்கட்டும். அதன்பின் விவசாயப் போதனாசிரியர் தோட்டக்காரரிடம் விளைச்சலோடு இதையும் சொல்லட்டும்.

கடல் கடந்து வாழும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. ஊருக்கு நீர் இறைக்கும் இயந்திரமும் தெளிகருவியும் வாங்கிக் கொடுக்கும் நீங்கள், இப்படியொரு சோதனைத் தோட்டத்துக்கும் கைகொடுக்கலாம். ஒரு போகத்துக்கு ஆகும் செலவு சொற்பம். அதன் பயன் நமது கிணறுகளுக்கு.