நாய்க்கு உகந்த பேட்டையாம் பீளமேடு! மனிதனுக்கு?

பீளமேடு "நாய்களுக்கு உகந்த பேட்டை" ஆகிவிட்டதென்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. வீடு விற்கும் கம்பெனிகளின் விளம்பரங்களில் நீச்சல்குளத்தோடும் உடற்பயிற்சிக் கூடத்தோடும் இப்போது நாய் விளையாடும் புல்வெளியும் சேர்ந்துகொண்டது. சில காபிக்கடைகள் நாயோடு வருவோரை நாற்காலி போட்டு வரவேற்கின்றன. பேஷ்! ஆலைச் சங்குக்கும் பம்ப்செட்டுக்கும் பெயர்போன ஊருக்கு இது புதிய பட்டம்.

நாயினத்தின் மீது நமக்குப் பகை ஏதும் கிடையாது. நமது சங்க அலுவலகத் திண்ணையில் அடைக்கலம் புகுந்த ஒரு செவலைக் குட்டி இப்போது நம்மோடுதான் இருக்கிறது. தடுப்பூசிகள் முடியும்வரை அதைத் தெருவில் இறக்கக் கூடாது என்றார் கால்நடை மருத்துவர். பார்வோ என்னும் வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் தங்கியிருந்து குட்டிகளைக் கொல்லுமாம். சொன்னபடி செய்தோம். ஊசிகள் முடிந்ததும், சூட்டப்பட்ட பட்டம் எவ்வளவு உண்மை என்று பார்த்துவிடுவோமென்று குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பேட்டையைச் சுற்றினோம். கண்டதைச் சொல்கிறோம்.

கண்ட காட்சிகள்

அவினாசி சாலை. தலைக்கு மேலே உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம். 1,791 கோடி ரூபாயில் கட்டி, ஜி.டி. நாயுடு பெயரைச் சூட்டி, 2025 அக்டோபர் 9ஆம் தேதி திறந்தார்கள். பாலத்தை நாம் ஆட்சேபிக்கவில்லை. பாலத்தின் கீழே நடப்பவனின் கதி என்ன என்பதே கேள்வி. நடைபாதை ஓரிடத்தில் தலைகாட்டுகிறது. பத்தடி தள்ளி மாயமாகிறது. மிச்சமுள்ள இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. ஹோப் காலேஜ் பக்கம் சாலையைக் கடக்க, குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நெடுநேரம் நின்றோம். நம் பக்கத்தில் இரண்டு பாட்டிமார்களும் நின்றார்கள். அவர்களைத் தூக்கிக்கொள்ள யாருமில்லை!

விளாங்குறிச்சி சாலைப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல். வாட்ச்மேன் வயதானவர். குட்டியைத் தடவிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "குட்டி உள்ள வரலாமுங்க. நீங்கதானுங்க பேரெழுதி, போன்ல கேட்டுப்போட்டு வரோணும்." அவர்மேல் குற்றமில்லை, உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர். உள்ளே இருக்கும் புல்வெளியில் உட்கார அவருக்கே உரிமை கிடையாது. வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கு அங்கே தனி லிஃப்ட். நாய்க்கு எஜமானரின் லிஃப்ட். நாய்மேல் காட்டும் அன்பைக் குறை சொல்லவில்லை. அந்த அன்பு மனிதனைக் கண்டதும் ஏன் வாசலோடு நின்றுவிடுகிறது என்றுதான் கேட்கிறோம்.

அடுத்து மசக்காளிபாளையம் சாலையின் உட்சந்துகள். பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த பட்டறைத் தொழிலாளி, கையிலிருந்த வர்க்கியில் பாதியை நம் குட்டிக்குப் போட்டார். "எங்கீங்க புடிச்சீங்க இதை?" என்று நாலு பேர் கூடிவிட்டார்கள். இந்தச் சந்துகளில் நாய் தனியொருவருக்குச் சொந்தமல்ல, சந்துக்கே சொந்தம். ஒரு வீட்டில் பழைய சோறு, இன்னொரு வீட்டில் தண்ணீர். இந்த நட்பைப் பற்றி யாரும் விளம்பரம் போடுவதில்லை. ஆனால் இதே சந்தின் முனையில்தான் அள்ளாத குப்பை கிடக்கிறது. இரவானால் அங்கேதான் நாய்கள் கூட்டம் சேர்ந்து ஆளைத் துரத்துகின்றன.

கடிபடுவது யார்?

தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டில் நாய்க்கடி பட்டவர்கள் ஏறத்தாழ 4.8 லட்சம் பேர். வெறிநோயால் மாண்டவர்கள் 43 பேர். இது சுகாதாரத் துறையின் கணக்கு. அந்த நோய் முற்றிவிட்டால் மருந்து கிடையாது, மரணம்தான்.

விடியுமுன் துடைப்பத்தோடு இறங்கும் துப்புரவுத் தொழிலாளி, இரவு ஷிப்ட் முடித்து வரும் பெண், சோற்றுப் பொட்டலத்தைச் சுமந்து பறக்கும் இளைஞன், தெருவிலேயே விளையாட வேண்டிய குழந்தை இவர்களே நாயின் வாய்க்கு அருகில் இருப்பவர்கள். காருக்குள் இருப்பவனை நாய் கடிக்க முடியாது. ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம்தான். ஆனால் கடிபட்ட நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நான்கு நடை. தினக்கூலிக்காரனுக்கு நான்கு நடை என்றால் நான்கு நாள் கூலி போயிற்று. இந்த நஷ்டம் எந்தக் கணக்கில் ஏறுகிறது?

வளர்ப்பு நாயின் கதையும் உண்டு. 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்கில், மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறின. அவள் அந்தப் பூங்காவின் காவலாளியின் மகள். நாய்கள் தெருநாய்களல்ல, வீட்டில் வளர்ந்தவை. நாட்டுநாய் மட்டுமே கடிக்கும், சாதிநாய் சாது என்று கதை அளப்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

"கொல்" கட்சியும் "கொஞ்சு" கட்சியும்

இந்த விஷயத்தில் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு கட்சி "எல்லா நாயையும் கொல்" என்கிறது. இன்னொரு கட்சி "நாயைப் பற்றி மூச்சு விடாதே" என்கிறது. இரண்டுமே தவறு.

முதல் கட்சிக்கு: நீங்கள் சொல்லும் வைத்தியம் புதிதல்ல. சென்னையில் 1860ஆம் ஆண்டிலேயே பிடித்துக் கொல்லும் வேலையை ஆரம்பித்தார்கள். 1990களின் மத்தியில் நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொன்றார்கள். நாயும் ஒழியவில்லை, வெறிநோயும் ஒழியவில்லை. காரணம் எளிது. குப்பை கிடக்கும்வரை காலியான இடத்துக்கு அடுத்த தெரு நாய் வந்து சேரும்; எஞ்சியவை குட்டி போட்டு எண்ணிக்கையை நிரப்பிவிடும். கருத்தடை செய்து விடுவதே வழி என்று ப்ளூ கிராஸ் அமைப்பு 1960களிலிருந்து சொல்லிவந்ததை 1996இல்தான் சென்னை மாநகராட்சி ஏற்றது. நூற்று முப்பது ஆண்டுக்கு மேல் செய்து தோற்ற காரியத்தை மறுபடியும் செய்யச் சொல்வது என்ன புத்தி?

இரண்டாம் கட்சிக்கு: உங்கள் கருணை மெய்யானால், உங்கள் வாசலைக் கூட்டும் பெண்ணின் காலில் விழுந்த பல்தடத்தையும் பாருங்கள். சோறு போட்டுவிட்டுப் போவதோடு கடமை தீராது. நீங்கள் சோறு போடும் நாய்க்கு வெறிநோய் ஊசி போட்டாயிற்றா? கருத்தடை ஆயிற்றா? பள்ளி வாசலில் சோறு வைக்கிறீர்களா, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் வைக்கிறீர்களா? இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பிராணி நேசம் பேசுங்கள்.

இந்த இரு கட்சிகளும் தெருவில் மல்லுக்கு நிற்கும்போது, பொறுப்புள்ள நிர்வாகம் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறது. இந்தச் சண்டையில் லாபம் அதற்குத்தான்.

கோர்ட்டுத் தீர்ப்பும் கஜானாவும்

2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி உச்சநீதிமன்றம், டெல்லி வட்டாரத் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22ஆம் தேதி அதைத் திருத்தியது: கருத்தடையும் ஊசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடுக; வெறிநோய் கண்டதையும் ஆளைத் தாக்குவதையும் விடாதே; சோறு வைக்கத் தனி இடம் ஒதுக்கு. நவம்பர் 7ஆம் தேதி, பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொன்னது. உத்தரவு போடலாம். மருத்துவர் எங்கே? நாய் பிடிக்கப் பயிற்சி பெற்ற ஆள் எங்கே? கூண்டு எங்கே? அள்ளி வைத்துப் பராமரிக்கப் பணம் எங்கே? காகிதம் நாய்க்கு ஊசி போடாது.

நம் பக்கத்துக் குன்னூரைப் பாருங்கள். 1907இல் தோன்றிய பாஸ்டர் நிலையம் அங்கே இருக்கிறது. வெறிநோய் ஊசிக்கென்றே பிறந்த ஸ்தாபனம். பல தலைமுறை ஏழைகளைக் காத்த பொதுத்துறை. 2008 ஜனவரியில் கசௌலி, குன்னூர், கிண்டி ஆகிய மூன்று அரசு நிலையங்களின் தடுப்பூசி உற்பத்தி உரிமத்தை மத்திய அரசு நிறுத்திவைத்தது. தரவிதிக்கு ஏற்ற வசதியில்லையாம்! வசதி செய்து கொடுக்க வேண்டியவன் யார்? அதே அரசுதானே? கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றுவதா, வீட்டையே பூட்டுவதா? நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் நடந்தது. 2010இல் உரிமம் திரும்பியது. ஊசி பொதுவில் தயாராக வேண்டுமா, தனியாரின் விலைக்குக் காத்திருக்க வேண்டுமா என்பது நாய்ப் பிரச்சினையின் அடிவேர்.

முடியாத காரியமல்ல இது. கோவா மாநிலம் ஆண்டுதோறும் நாய்களுக்கு வீதி வீதியாக ஊசி போட்டது. 2021இல் வெறிநோய் கட்டுக்குள் வந்த மாநிலமென அறிவித்துக்கொண்டது. நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு.

நமது கோரிக்கைகள்

1. வார்டு வாரியாக நாய்களைக் கணக்கெடுத்து, ஆண்டுதோறும் ஊசி போடு. கருத்தடையைத் தொடர்ந்து நடத்து. கணக்கை வார்டில் ஒட்டு.

2. குப்பையைத் தினமும் அள்ளு. அள்ளும் தொழிலாளியை நிரந்தரமாக்கு. அவருக்கு முன்கூட்டியே வெறிநோய் ஊசி போடு.

3. தடுப்பூசியும், ஆழமான கடிக்குக் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்பு மருந்தும் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் எந்நேரமும் இருக்க வேண்டும். ஊசிக்குப் போகும் நாட்களுக்குக் கூலியோடு விடுப்பு வேண்டும்.

4. பாலத்தின் கீழே தொடர்ச்சியான நடைபாதையும் சாலையைக் கடக்க வழியும் அமை.

5. பூங்கா பொதுச் சொத்து. குழந்தைக்கு ஒரு பக்கம், நாய்க்கு வேலியிட்ட ஒரு பக்கம், இரண்டும் இலவசம்.

குட்டி வளர்க்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி போடுங்கள். கயிறில்லாமல் தெருவில் விடாதீர்கள். கழிவை நீங்களே அள்ளுங்கள். அது துப்புரவுத் தொழிலாளியின் தலையில் விழ வேண்டியதல்ல. யாரைக் கடித்தாலும் முதலில் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவி, உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மஞ்சளும் மிளகாய்ப் பொடியும் வைத்தியமாகாது.

பாட்டி பயமின்றிச் சாலையைக் கடந்து, துப்புரவுப் பெண் பயமின்றிச் சந்தில் இறங்கி, வாட்ச்மேனின் பேரன் பயமின்றிப் பூங்காவில் ஓடும் நாளில்தான் பீளமேடு நாய்க்கும் உகந்த பேட்டை. அதுவரை அந்தப் பட்டம் வீடு விற்பவனின் சரக்கு. வார்டுக் கூட்டங்களில் இந்தக் கோரிக்கைகளை எழுப்புங்கள். நாய் வளர்ப்பவரும் நாய்க்குப் பயப்படுபவரும் சேர்ந்தே எழுப்புங்கள்!