சாக்கடைத் தண்ணி கேட்டு நாம மனு கொடுக்கலை!



நம்ம வாய்க்காலில் வருவது ஆத்துத் தண்ணியா, டவுன் சாக்கடையா? கடைமடையில் இறங்கி நாத்து நடுற பெண்களைக் கேளுங்கள். காலைத் தூக்கிக் காட்டுவார்கள், அரிப்பும் புண்ணும்தான். அதிகாரிகளைக் கேட்டாலோ, "சுத்திகரிப்பு நிலையம் இருக்கே, சுத்தம் பண்ணித்தானே விடுறோம்" என்கிறார்கள்.

அந்தச் சுத்தத்தின் லட்சணத்தைப் பார்ப்போம். வீட்டுக் கழிவுநீர் 100 மில்லியில் மலக்கிருமி கோடிக் கணக்கில் இருக்கும். நிலையத்தில் குப்பையைச் சலித்து, மண்ணை வடித்து, காற்று ஊதி, வண்டலை அடியில் தங்க வைக்கிறார்கள். நாத்தம் குறையும், தண்ணி தெளியும். கிருமியிலும் நூத்துக்கு 99 போகலாம். ஆனால் ஒரு கோடியில் 99 சதவீதம் போனாலும் மிச்சம் ஒரு லட்சம்! அதைக் கொல்ல, கடைசியில் குளோரின் கலந்து அரைமணி நேரம் நிறுத்தணும், இல்லாவிட்டால் புற ஊதா விளக்கு எரியணும். செலவைச் சுருக்க நினைப்பவனுக்குக் கைவைக்க வசதியான இடம் இதுதான். கண்ணுக்குத் தெரியாதே! கொக்கிப்புழு போன்றவற்றின் முட்டை குளோரினுக்கும் லேசில் சாகாது. நாள்கணக்கில் குட்டையில் தேக்கிப் படிய வைக்கணும்.

இதெல்லாம் நிலையத்துக்குள் போகிற தண்ணிக்கு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 அறிக்கைப்படி, நாட்டு நகரங்களில் ஒரு நாளில் உண்டாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். சுத்திகரிக்கப்பட்டது 20,236 மில்லியன் லிட்டர்தான். மிச்சம் எங்கே போச்சு? ஆத்துக்கும் ஏரிக்கும்தான்.

இன்னொரு கூத்து கேளுங்கள். அதே வாரியம் நீர்நிலைகளை ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறது. குளிக்கிற தண்ணி என்றால் 100 மில்லியில் கோலிஃபார்ம் கிருமி 500-க்கு மேல் கூடாது. பாசனத்துக்கான கடைசி வகுப்பில் உப்புக்கு அளவு உண்டு, சோடியத்துக்கு உண்டு, போரானுக்கும் உண்டு. கிருமிக்கு அளவே கிடையாது! பயிருக்கு ஆகுமா என்று பார்த்தவர்கள், சேத்தில் நிற்கிறவனுக்கு ஆகுமா என்று பார்க்கலை. அதே தண்ணியில் விளைஞ்ச கீரையும் கொத்தமல்லியும் டவுன் சந்தைக்கே போகுது, பச்சையா சட்னி அரைக்கிறாங்க என்பதும் ஞாபகம் வரலை.

நொய்யலில் சாயத்தண்ணி வந்தது. நிறம் தெரிந்தது, ஒரத்துப்பாளையம் அணையே பாழானது. விவசாயிகள் விடாமல் வழக்காடினார்கள், 2011 ஜனவரியில் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். கிருமிக்கு நிறமில்லை. அதனால்தான் நம்ம ஆட்களே "தழைச்சத்து இருக்கு, பயிர் கருகருன்னு வருது" என்று சும்மா இருந்துவிடுகிறோம். சத்து இருப்பது வாஸ்தவம்தான். தண்ணியே வேண்டாம் என்று சங்கமும் சொல்லவில்லை. மழை பொய்க்கிற காலத்தில் அதுவும் தேவைதான். கிருமியைக் கொன்னுட்டுக் கொடு என்கிறோம்.

நிலையங்கள் வெளியேற்றும் நீரில் மலக்கிருமி 100 மில்லிக்கு 1000-க்குள் இருக்கணும் என்று 2017-ல் மத்திய அரசே அறிவித்தது. 2019-ல் பசுமைத் தீர்ப்பாயம் அதை 230 ஆக இறுக்கியது. அந்தக் கணக்கை நம்ம கண்ணுக்கு முன்னால் காட்டட்டும். வெளியேற்றும் குழாயிலும் கடைமடையிலும் மாதம் ஒருமுறை, நாம் உடனிருக்க, மாதிரி எடுக்கணும். காய்ச்சிச் சுத்தம் செய்த பாட்டிலில் எடுத்து, ஐஸில் வைத்து, ஒரு நாளுக்குள் சோதிக்கணும். முடிவைப் பஞ்சாயத்து போர்டில் ஒட்டணும். பாசன வகுப்புக்கும் கிருமி அளவு எழுதணும்.

வருகிற குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேராவது வாருங்கள். காலில் புண் உள்ளவர்கள் முன்வரிசையில் உட்காரட்டும்.