குட்டிக்கும் கிடாவுக்கும் ஒரே மூடி மருந்தா?

‘‘எங்களிடம் 22 வெள்ளாடுகள் இருக்கின்றன. லெவாமிசோல் குடற்புழு மருந்தை எல்லாவற்றுக்கும் ஒரே மூடி அளவில் ஊற்றினோம். பெரிய ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு குட்டிகள் எச்சில் ஒழுகி, நடுங்கி விழுந்தன. ஒன்று இறந்துவிட்டது. மருந்து கெட்டுப்போனதா?’’
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

மருந்து கெட்டிருக்க வேண்டியதில்லை. எச்சில் ஒழுகுவதும் நடுக்கமும் லெவாமிசோல் அளவு மீறும்போது வருபவை. புழுவைக் கொல்லும் அளவுக்கும் ஆட்டுக்கே நஞ்சாகும் அளவுக்கும் இதில் இடைவெளி குறைவு. கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் என்று வைத்தால், 30 கிலோ ஆட்டுக்கு 225 மில்லிகிராம். 8 கிலோ குட்டிக்கு 60தான். பெரிய ஆட்டின் மூடியைக் குட்டிக்கு ஊற்றினால், கிட்டத்தட்ட நாலு மடங்கு உள்ளே போய்விடுகிறது.

எடையோடு வயதும் சேர்கிறது. மருந்தை உடைப்பது கல்லீரல், வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகம். பிறந்த சில வாரங்களுக்கு இரண்டும் முழு வேகத்தில் வேலை செய்யாது. அதனால் இளங்குட்டியின் உடம்பில் மருந்து அதிக நேரம் தங்கும். தட்டைப்புழு தாக்கிக் கல்லீரல் கெட்டுப்போன கிழட்டு ஆட்டுக்கும் இதே சிக்கல் வரலாம்.

ஆண், பெண் வேறுபாடும் உண்டு. சில தூக்க மருந்துகளைக் கொடுத்தால் பெண் எலி ஆண் எலியைவிட வெகுநேரம் தூங்கும். ஆண் எலியின் கல்லீரல் அவற்றை வேகமாக உடைத்துவிடுகிறது. எலிக் கணக்கை ஆட்டுக்கு அப்படியே போட முடியாது. பட்டியில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது சினையும் பாலும்தான். கிடாவுக்குக் கவலையின்றிக் கொடுக்கும் ஆல்பென்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் பெட்டைக்குக் கொடுத்தால் கரு ஊனமாகலாம். ஃபென்பென்டசோல் சினை ஆட்டுக்குப் பாதுகாப்பானது. கறவை ஆட்டுக்கு மருந்து கொடுத்தால், லேபிளில் போட்டிருக்கும் நாள்வரை அந்தப் பாலை வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

பயந்துபோய் எல்லாவற்றுக்கும் பாதி ஊற்றுவதும் தப்பு. அரைகுறை மருந்தில் பிழைத்த புழு, அடுத்த முறை முழு அளவுக்கும் சாகாது. தொங்கு தராசில் எடை பார்த்து, ஊசி போடும் சிரிஞ்சில் (ஊசியைக் கழற்றிவிட்டு) அளந்து கொடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மருந்தின் வீரியம் மாறும். பழைய பாட்டிலின் மில்லிக் கணக்கு புதுப் பாட்டிலுக்கு ஒத்துவராது.

பிழைத்த குட்டிக்கு எச்சில் நிற்கும்வரை வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், புரையேறும். நிழலில் படுக்க வைத்து 1962 எண்ணுக்கு அழையுங்கள். டாக்டர் வரும்போது மருந்து பாட்டிலையும், அளந்த மூடியையும் காட்டுங்கள்.