வாளை மாட்டலாம், பழகக் கூடாதா?



"ஆசிரியரே வாள் பழகினால் மாணவர்கள் குண்டர் கும்பலில் சேரமாட்டார்களா?" என்று பெற்றோர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். அவர் வீட்டு வரவேற்பறையிலோ பளபளக்கும் கட்டானா ஒன்று தொங்குகிறது! மகனுக்குப் பிறந்தநாள் பரிசாம்.

நான் அஞ்சுவது அந்தப் பரிசைக் கண்டுதான். அழகுக்காக விற்கப்படும் மலிவான மாதிரி வாள்கள் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகில் ஆனவை. அவ்வளவு நீண்ட அலகுக்கு அந்த எஃகு உதவாது, முறிந்துவிடும். கைப்பிடிக்குள் பெரும்பாலும் பற்றவைத்த மெல்லிய கம்பி ஒன்றுதான் இருக்கும். நான் முதலில் வாங்கியதும் அத்தகையதே. வீட்டுக்குப் பின்னால் ஓங்கி வீசினேன். கைப்பிடி மட்டும் கையில் மிஞ்சியது. துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவியைத் தாண்டி அலகு போய் விழுந்தது. அன்று அவர் பேசியவற்றை இங்கே எழுத இயலாது.

அதன் பிறகே இயாய்தோ என்னும் ஜப்பானிய வாட்கலையைக் கற்கச் சென்றேன். தொடக்கத்தில் மரவாள்தான். பின்னர் கூர் தீட்டாத பயிற்சி வாள். அதையும் வணங்கித்தான் எடுக்க வேண்டும். கைப்பிடியை அலகோடு பிணைக்கும் மூங்கில் ஆணியைச் சோதித்த பின்னரே உருவ வேண்டும். பொது இடத்தில் தக்க காரணமின்றி ஆயுதம் ஏந்துவதை மலேசியாவின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிக்கும் என்பதையும் அங்கேதான் அறிந்தேன்.

இவற்றில் எது ஐயா குண்டர்தனம்?

அந்த மகன், வீட்டில் யாருமில்லாத வேளையில் கட்டானாவை வீசிப் பார்க்கிறானாம். அவனே என்னிடம் சொன்னான். பயிற்சிக்கு அனுப்பத்தான் தந்தைக்கு மனமில்லை.