ஸ்பிரிங்கை மாற்றினால் தீராது

சாவி கொடுக்கிற வாட்ச் நின்றுபோனால் கடையில் நாம் சொல்வது ஒன்றுதான்: "கெட்டுப்போன பார்ட்டை எடுத்துட்டுப் புதுசு போட்டுடுங்க." இந்த நம்பிக்கை நல்ல வாட்சுகளைக் கொன்றுகொண்டிருக்கிறது.

அப்பாவின் எச்எம்டி ஜனதா இரவில் நின்றுவிடும். மெயின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்றார் ஒரு கடைக்காரர். கழற்றிக் கழுவாமல் மேலாக எண்ணெய்ப் பொட்டு வைத்து, கையில் கிடைத்த ஸ்பிரிங்கைப் போட்டார். ஓடியது, ஆனால் கண்டபடி ஃபாஸ்டாக ஓடியது. ஸ்பிரிங்கின் தடிமன் 0.10 மில்லிமீட்டரிலிருந்து 0.11 ஆனால் கண்ணுக்கே தெரியாது. விசையோ தடிமனின் முப்படிக்கு ஏற்ப ஏறும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அந்த விசையில், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பாலன்ஸ் சக்கரம் அளவுக்கு மீறிச் சுழல, அதன் ரோலர் கல் சுற்றி வந்து, அதைத் தள்ளிவிடும் பேலட் ஃபோர்க்கின் வெளிப்புறத்தில் மோதும். அதனால்தான் நேரம் முந்தியது. உண்மையான நோய் காய்ந்த எண்ணெய். அதில் கலந்த உலோகத்தூள் அச்சுமுனைகளை அரம்போல் தேய்க்கும். வலுத்த ஸ்பிரிங் அந்தத் தேய்மானத்தை இன்னும் விரைவாக்கும்.

"ஒரிஜினல் பார்ட்தானே, அப்படியே உட்காரும்" என்பார்கள். உட்காராது. பாலன்ஸ் சக்கரத்தின் அச்சான ஸ்டாஃபின் முனை 0.1 மில்லிமீட்டர் அளவுதான். புது ஸ்டாஃபைச் சக்கரத்தில் அறைந்து பொருத்தியபின் கோணல் நிமிர்த்த வேண்டும். எந்தப் பக்கமும் கனக்காமல் சமன் பார்க்க வேண்டும். முனைகளைத் தாங்கும் கற்களுக்கிடையே மயிரிழை இடைவெளி விட வேண்டும். மணிக்கு 18,000 துடிப்பென்றால் ஒரு நாளைக்கு 4,32,000. சிறு பிசகும் அத்தனை முறை திரும்ப வரும். ஹேர் ஸ்பிரிங்கையோ தொழிற்சாலையிலேயே அந்தந்தப் பாலன்ஸுக்கு இணை பார்த்துத்தான் சேர்ப்பார்கள்; ஒன்றை மட்டும் பிரித்து இன்னொன்றில் போட்டால் நேரம் சரியாகக் காட்டாது.

எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட 2016இல் அரசு முடிவெடுத்தது. இப்போது பழைய வாட்சுகளை உடைத்துத்தான் பெரும்பாலும் பார்ட் எடுக்கிறார்கள். அந்தப் பார்ட்டும் எங்கோ பல வருடம் தேய்ந்ததுதான். அதைச் சோதிக்காமல் போடுவது நோயை வாங்கி வைப்பது.

பார்ட்டுக்குக் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, கழுவுகிற கூலிக்குப் பேரம் பேசுகிறோமே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அந்தக் கூலிதான் சர்வீஸ்.

அப்பாவின் வாட்சை வேறொருவர் முழுதாகக் கழற்றி, கழுவி, அளந்து, எண்ணெய் இட்டுக் கொடுத்தார். அவர் மாற்றியது ஒரே ஒரு பார்ட்: சரியான தடிமனில் ஒரு மெயின் ஸ்பிரிங்.