சுவர் யாருடையது?

தேர்தல் வந்துவிட்டால் சுவர்களுக்கு வாய் முளைத்துவிடுகிறது. வீட்டுக்காரன் உறங்கும் வேளையில் பசை வாளி வருகிறது; விடிந்து பார்த்தால், அவனுடைய மதில் அவன் அறியாத ஒருவருக்கு வாக்குக் கேட்டு நிற்கிறது. அதைக் கிழித்தால் ஒரு கட்சிக்குப் பகை. விட்டுவைத்தால் மற்றக் கட்சிக்குப் பகை. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் திகனையில் கடைகளும் வீடுகளும் எரிந்ததைக் கண்ட குண்டசாலைப் பிரதேசத்தில், ஒருவன் வீட்டின்மீது அவன் விரும்பாத அடையாளம் ஒன்று ஏறுவது சிறிய செய்தியன்று.

சட்டம் இல்லாமலில்லை. 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல் சட்டத்தின் 74ஆம் பிரிவு, தேர்தற் காலத்தில் வீதிகளிலும் பொதுமக்கள் புழங்கும் இடங்களிலும் சுவரொட்டிகளையும் சின்னங்களையும் வேட்பாளர் படங்களையும் காட்சிக்கு வைப்பதைத் தடுக்கிறது. கொடியும் பதாகையும் தனியார் வளவுக்குள்ளேயுங்கூட ஆகா என்கிறது. சில விலக்குகள் மட்டுமே உண்டு.

வீதியைப் பொறுத்தவரை இத்தடையை நாம் வரவேற்கிறோம். பணம் படைத்தவன் தன் முகத்தால் ஊரையே மூடுவது ஜனநாயகமாகாது. ஆனால், தன் வாசலில் தானே விரும்பிக் கொடி கட்டும் ஏழையையும், பிறன் மதிலில் இரவோடிரவாக ஒட்டிச் செல்லும் கூலிப்படையையும் ஒரே தராசில் நிறுப்பது என்ன நீதி? முன்னவன் தன் வாயால் பேசுகிறான். பின்னவனோ பிறன் வாயைத் திருடிப் பேசுகிறான்.

பிற நாடுகள் இவ்வேறுபாட்டை உணர்ந்துள்ளன. அமெரிக்காவின் லடூ நகரத்தில், வளைகுடாப் போரை எதிர்த்துத் தன் வீட்டுச் சன்னலில் சிறு தாளொன்றை வைத்த பெண்மணியை நகரவிதி தடுத்தது. 1994இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது. இந்தியத் தேர்தல் ஆணையத்தின் நடத்தை நெறியோ, உரியவரின் அனுமதியின்றி எவருடைய நிலத்திலும் கட்டடத்திலும் மதிலிலும் கொடி நாட்டவோ சுவரொட்டி ஒட்டவோ கூடாது என்கிறது.

அனுமதி என்றதும் நம்மவர்க்கு மற்றொரு வினா எழுகிறது: யாருடைய அனுமதி? கண்டி மாவட்டத்துத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்பவனுக்குச் சொந்தச் சுவர் ஏது? பெரும்பாலான தோட்டங்களில் நிலம் அரசினுடையது. 1992 முதல் நிருவாகம் கம்பெனிகளின் கையில். உரிமையாளனின் அனுமதியே அனுமதி என்றால், லயத்துக் கதவில் எந்தக் கொடி பறக்கலாம் என்பதைத் தோட்டத் துரையே தீர்மானிப்பார்!

1947இல் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் மலையகத் தமிழர்கள். 1948இல் அவர்களுடைய பிரசாவுரிமை பறிக்கப்பட்டது. 1949இல் வாக்கும் பறிக்கப்பட்டது. 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்கள்வரை அவர்களில் பலர் நாடற்றவராகவே காத்துக் கிடந்தனர். அவ்வாறு மீட்ட வாக்கைப் பற்றித் தம் வாசலில் ஒரு சொல் எழுதி வைக்கவும் பிறரைக் கேட்க வேண்டுமென்றால், மீட்டது முழு உரிமையாகுமா?

ஆகவே நாம் வேண்டுவது இது. அனுமதி தரும் உரிமை, நிலத்துக்குப் பத்திரம் வைத்திருப்பவனுக்கன்று, அவ்வீட்டில் வாழ்பவனுக்கே இருக்கட்டும். அவன் லயத்தில் வாழ்பவனாயினும் சரி, வாடகைக்கு இருப்பவனாயினும் சரி. அவனது இசைவைப் பெறாது ஒட்டுவோரைச் சட்டம் தண்டிக்கட்டும். இசைந்தவன் தன் வாசலில் சிறு கொடியோ தாளோ வைப்பதைப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அனுமதிக்கட்டும். 2025 மே 6ஆம் நாள் நடந்த தேர்தலில் அமைந்த குண்டசாலைப் பிரதேச சபை, தேர்தற் காலத்துக்கு வெளியேயாவது வழிகாட்டலாம். விளம்பரங்களின் அளவையும், அவற்றை ஒட்டியவரே அகற்ற வேண்டிய கெடுவையும் எல்லாக் கட்சிக்கும் ஒன்றாக விதிக்கும் துணைவிதியை அது ஆக்கட்டும்.

விதி எதுவாயினும், ஆளுங்கட்சியின் சுவரொட்டிக்கு ஒரு கண்ணும் எதிர்க்கட்சியின் சுவரொட்டிக்கு மறு கண்ணுமாக அதிகாரிகள் பார்ப்பார்களாயின் பயனில்லை. வாழ்பவனுக்கே அவனுடைய சுவர் சொந்தம். அங்கே பேசுவதும் அவன் உரிமை. பேசாதிருப்பதும் அவன் உரிமை.