மண்டபத்து வவ்வாலுக்கு ஒரு இருட்டு மூலை

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப தாமிரபரணிக் கரையில ஒரு பழைய கோயிலுக்குள்ள நுழைஞ்சேன் (பேரு வேண்டாம்). சின்ன வயசுல இருந்து மூக்குக்குப் பழகின அந்த வவ்வால் புழுக்கை நாத்தத்தைக் காணோம். மண்டபத்துக்கெல்லாம் கம்பி வலை அடிச்சிருக்கு.

"வவ்வாலெல்லாம் எங்க அண்ணாச்சி?"ன்னு அங்க இருந்த பெரியவர்கிட்ட கேட்டேன்.

"கும்பாபிஷேகத்துக்கு முன்னாடியே விரட்டியாச்சு வே. சாமி கும்பிட வர்றவன் மூக்கைப் பொத்திக்கிட்டா நிப்பான்?"

அவர் சொல்றதும் நியாயம்தான். ஆனா எனக்கு மனசு ஆறல. அதான் இந்தப் புலம்பல்.

திருநெல்வேலின்னா பச்சைப் பசேல்னு நினைக்கிறவங்க வாய்க்கால் பாசனத்தை மட்டும் பார்த்தவங்க. ஆத்தை விட்டுத் தள்ளிப் போனா பொட்டல், உடைமரம், பனை. கிழக்கே திருச்செந்தூர்ப் பக்கம் போனா செம்மண் தேரி. நடுவுல பொதிகையில பொறந்து புன்னக்காயல்ல கடல் சேருற சுமார் 128 கிலோமீட்டர் ஈரம். பாலைவனத்து ஓடை மாதிரிதான். சுத்தி எல்லாம் காஞ்சு கிடக்கும்போது பூச்சியும், அதைத் தின்ன வர்ற வவ்வாலும் தண்ணி ஓரத்துல கூடிரும். இன்னொண்ணு தெரியுமா? வட ஆப்பிரிக்கா, அரபுப் பாலைவனத்துல எல்லாம் இருக்கிற எலிவால் வவ்வால் நம்ம தென்சீமையிலயும் இருக்கு.

தண்ணிக்குள்ள புழுவா வளர்ந்து, றெக்கை முளைச்சு, பொழுது சாயும்போது கூட்டமா மேல கிளம்புற பூச்சிங்கதான் இதுங்களுக்குச் சோறு. ஜப்பான்ல ஹொக்கைடோ தீவுல ஒரு ஓடையை மூடி அந்தப் பூச்சி வெளிய வராம தடுத்துப் பார்த்தாங்க. அங்க வவ்வால் நடமாட்டம் குறைஞ்சு போச்சுன்னு 2006-ல எழுதியிருக்காங்க. நம்ம ஆத்துல பல இடத்துல அமலைச்செடி மூடிக் கிடக்கு. பறந்துக்கிட்டே தண்ணி குடிக்கிற பிராணி அது, அமலை மேல என்னத்தைக் குடிக்கும்?

ஒரு விஷயம் சொல்லிடறேன். 'மணிக்கு ஆயிரம் கொசு தின்னும்'னு ஒரு கணக்கு சுத்துதே, அதை நான் சொல்ல மாட்டேன். மூடின அறைக்குள்ள நடந்த சோதனையை வெச்சு நீட்டி முழக்கின கணக்கு அது. வயக்காட்டுக் கணக்குதான் எனக்குப் பெருசு. தாய்லாந்துல ஒரே ஒரு வவ்வால் இனம் நெல்லுல விழுற தத்துப்பூச்சியைத் தின்னு, வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 2,900 டன் நெல்லைக் காப்பாத்துதுன்னு 2014-ல கணக்குப் போட்டாங்க. 26,000 பேருக்குச் சோறு! இங்க எவ்வளவுன்னு கேக்காதீங்க. ஆனா இதுவும் நெல்லு விளையுற ஊருதானே.

விரட்டினா வேற இடம் பார்த்துக்கும்னு சொல்றாங்க. பெரும்பாலான இனத்துக்கு வருஷத்துக்கு ஒரு குட்டிதான், கலைஞ்ச கூட்டம் சட்டுனு பெருகாது. அதுங்களுக்குக் கூட்டம் எவ்வளவு முக்கியம்னு நம்ம மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து ஆளுங்களே காட்டியிருக்காங்க. இருட்டுக் குகைக்குள்ள கூண்டுல அடைச்ச இலைமூக்கு வவ்வால், மத்த வவ்வாலுங்க போய் வர்றதை வெச்சே தன் உடம்புக் கடிகாரத்தைச் சரி பண்ணிக்கிச்சுன்னு 1981-ல மாரிமுத்து, சந்திரசேகரன் குழு எழுதினாங்க.

நோய்ப் பயமா? 2018-ல கேரளாவுல நிபா வந்தப்ப மாட்டினது பழந்தின்னி. மண்டபத்துல தொங்குற பூச்சிதின்னி வேற. ஆனா புழுக்கையைக் கூட்டுறவங்க மூக்கு வாயைக் கட்டிக்கணும், அதுல விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மூலஸ்தானத்துல தொங்கட்டும்னா நான் கேட்டேன்? பூட்டியே கிடக்கிற பின் மண்டபத்துல ஒரு சன்னலுக்கு வலை வேண்டாம். கீழ சாக்கு விரிச்சா புழுக்கை எருவாப் போகும். படித்துறையில போட்டிருக்கிற பெரிய லைட்டை ராத்திரி பத்து மணிக்கு மேல அணைக்கலாம். மெதுவாப் பறக்கிற சில வகைங்க வெளிச்சம் இருந்தா அந்தப் பக்கமே வராது.

இதையெல்லாம் அண்ணாச்சிகிட்டயும் சொன்னேன். "கமிட்டியில பேசணும் வே"ன்னு என் நம்பரை வாங்கிக்கிட்டார். அன்னிக்குச் சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் படித்துறையில உக்காந்து எண்ணினேன். பதினொண்ணு. முன்னல்லாம் எண்ணணும்னே தோணாது.

அண்ணாச்சி இன்னும் கூப்பிடல.